மானுவலைப் பார்த்துச் சிரிக்கையில்

பிபிசியின் 'ஃபால்டி டவர்ஸ்' நகைச்சுவைத் தொடரில் மொத்தம் 12 அத்தியாயங்களே உண்டு. 1975இல் ஆறு, 1979இல் ஆறு. ஜான் கிளீஸும் அவர் மனைவி கோனி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். 1978இல் மணமுறிவு நேர்ந்தது, கூட்டெழுத்து முறியவில்லை. 1970இல் டார்க்கீ நகரில் கிளீஸ் தங்கிய விடுதியின் உரிமையாளரே, விருந்தினரைத் தொல்லையாகக் கருதும் பேசில் ஃபால்டிக்கு முன்மாதிரி. இவை ரசிகர்கள் அறிந்தவை. நம்மை நெடுநாளாக உறுத்துவது, பணியாள் மானுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸின் கதை.

மானுவல் பார்சிலோனாவிலிருந்து வந்தவன். முதலாளியின் ஆங்கிலம் அவனுக்குப் பாதிதான் விளங்கும். விளங்காத மறுபாதிக்கு அடி விழும். தொல்காப்பியர் நகைக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுகிறார். அவற்றுள் மடன் என்பதற்கு, கேட்டதை ஆராயாது அப்படியே கொள்ளுதல் என்று உரைவிளக்கம் உண்டு. மெய்ப்பாட்டியல் வகுப்பில் அதற்கு மானுவலையே நாம் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். மாணவர்கள் சிரித்து ஓய்ந்தபின் நடிகரின் வரலாற்றைச் சொல்வோம்.

சாக்ஸ் 1930இல் பெர்லினில் பிறந்தவர். தந்தை யூதர். 1938இல் குடும்பத்தோடு உணவகத்தில் அமர்ந்திருந்தபோது, மகன் கண்ணெதிரே தந்தையைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள். பின்னர் அவர் விடுதலை பெற, அவ்வாண்டே குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. எட்டு வயதில் அயல்மொழியின் நடுவே வந்து நின்றான் சிறுவன். பல்லாண்டுகளுக்குப் பின் மானுவல் வேடம் வந்தபோது, ஸ்பானிய உச்சரிப்பு தமக்கு வாய்க்குமோ என்று ஐயுற்ற சாக்ஸ், பணியாளை ஜெர்மானியனாக்கலாமா என்று கேட்டாராம்.

1975 அக்டோபரில் 'தி ஜெர்மன்ஸ்' அத்தியாயம் ஒளிபரப்பானது. போரைப் பற்றிப் பேசக் கூடாது என்று பிறரை எச்சரிக்கும் பேசில், ஜெர்மானிய விருந்தினரிடம் போரைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை. அதே அத்தியாயத்தின் தீ விபத்துக் காட்சியில், புகை கிளப்ப உடையில் இட்ட வேதிப்பொருள் சாக்ஸின் உடலைப் புண்ணாக்கியது. பெர்லினை விட்டோடி வந்தவர், ஜெர்மானியரைப் பற்றிய நகைச்சுவைக்காக ஏற்ற காயம் அது.

ஸ்பெயினில் இத்தொடரை மொழிமாற்றியபோது மானுவலை இத்தாலியனாக்கிவிட்டார்கள். நகைப்புக்கு உரியவன் பக்கத்து நாட்டுக்காரனாகவே இருக்கட்டும் என்று எல்லா நாட்டாரும் விரும்புகிறார்கள் போலும்.

2016இல் சாக்ஸ் மறைந்தார். இன்று மானுவலின் காட்சிகளைப் பார்க்கும்போதும் நமக்குச் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அவன் முகத்தில் நாம் காண்பது மடன் அன்று. புதிய மொழியின் ஒவ்வொரு சொல்லையும் நம்பிப் பிழைக்கவேண்டியிருக்கும் ஒருவனின் கவனம். அதை அந்த நடிகர் யாரிடமும் கற்கவேண்டியிருக்கவில்லை.