நெட்டையும் குள்ளமும்

வெள்ளவத்தையில் கலியாணத் தரகர் ஒருவரின் படிவத்தை அண்மையில் பார்க்கக் கிடைத்தது. பெயர், நட்சத்திரம், கல்வி, வெளிநாட்டில் உள்ள சகோதரர்கள், சீதனம் என்பவற்றோடு உயரம் என்றொரு கட்டமும் அதில் இருந்தது. ஆணுக்கு அந்தக் கட்டம் பெருமை. பெண்ணுக்கோ அது ஒரு பரீட்சை. ஐந்தடிக்குக் குறைந்தால் "கட்டை" என்பார்கள். ஐந்தடி ஆறு அங்குலத்தைத் தாண்டிவிட்டாலோ, "இதுக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போறது?" என்பார்கள். இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அடங்கி வளர்வதும் பெண்பிள்ளையின் கடமைகளில் ஒன்று என்று நினைக்கிறார்கள் போலும்.

சமூகவியல் படித்த நாட்களில், பெண்ணின் உடலைச் சமூகம் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்று பக்கம் பக்கமாகப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கிய பிறகே அதன் பொருள் எனக்கு விளங்கியது. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட எமது பெண்கள் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் "அங்கவீனம்: ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் தவறாமல் இருக்கும். ஒரு கையை இழந்த சகோதரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "மற்றக் கையால என்ன செய்வீங்கள் எண்டு கேக்க ஒரு கட்டமும் இல்லையே மிஸ்" என்று என்னிடம் கேட்டார். அவர் அந்த மற்றக் கையால் தையல் இயந்திரம் ஓட்டுபவர்.

இந்த மாதம் இரண்டு விளையாட்டு வீராங்கனைகளைப் பற்றி எழுத எண்ணியதற்கு இந்தக் கட்டங்களே காரணம். ஒருவர் குள்ளம் என்று ஒதுக்கப்பட்ட சீனத்துப் பெண். மற்றவர் நெட்டை என்று கேலி செய்யப்பட்ட எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண்.

சீனத்துப் பெண்ணின் பெயர் டெங் யாபிங். 1973 இல் ஹெனான் மாகாணத்தில் பிறந்தவர். தந்தை மேசைப்பந்தாட்டப் பயிற்றுநர் என்பதால் ஐந்து வயதிலேயே மட்டையைப் பிடித்துவிட்டார். ஆனால் மாகாண அணி அவரை ஏற்கவில்லை. திறமை போதாது என்று அவர்கள் சொல்லவில்லை. பிள்ளை குள்ளம், கை நீளாது, எதிர்காலம் இல்லை என்றே சொன்னார்கள். முழுதாக வளர்ந்த பிறகும் அவருடைய உயரம் ஏறத்தாழ ஐந்தடிதான். மேசையின் உயரமோ 76 சென்ரிமீற்றர். ஆகவே மேசைக்கு மிக அருகில் நின்று, பந்து எழும்பிய கணத்திலேயே அடிக்கும் வேகமான ஆட்டத்தைத் தனக்கென்று பழகிக்கொண்டார். தூரத்தில் நின்று எட்டி அடிக்க முடியாதவருக்கு, பந்து தூரம் போகுமுன் அடிப்பதுதான் வழி.

1989 இல், தமது பதினாறாவது வயதில், கியாவோ ஹொங்குடன் இணைந்து உலக இரட்டையர் பட்டத்தை வென்றார். 1991, 1995, 1997 ஆம் ஆண்டுகளில் ஒற்றையர் ஆட்டத்தில் உலகச் சம்பியன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இரண்டு தங்கங்கள், 1996 அட்லாண்டாவில் மீண்டும் இரண்டு. இருபத்து நான்கு வயதில், 1997 இல், விளையாட்டிலிருந்து விலகினார்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கப் போனார். பிள்ளைப் பருவமெல்லாம் பயிற்சியில் கழிந்ததால், ஆங்கில அரிச்சுவடியின் 26 எழுத்துகளையும் ஒழுங்காக எழுதத் தெரியாத நிலையில் வகுப்பில் உட்கார்ந்தாராம். அங்கிருந்து இங்கிலாந்துக்குச் சென்று நொட்டிங்ஹாமில் முதுகலைப் பட்டமும், 2008 இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இடப்பெயர்வால் படிப்பு முறிந்த எமது பெண்கள், "இனிமேல் போய் என்னத்தைப் படிக்கிறது?" என்று சொல்லும்போதெல்லாம் அந்த 26 எழுத்துகள் எனக்கு ஞாபகத்துக்கு வரும்.

டெங் தோற்ற ஆட்டமொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1991 இல் ஜப்பானின் சிபா நகரில் உலகச் சம்பியன் பட்டத்துக்கான போட்டிகள் நடந்தன. யுத்தத்தால் பிரிந்து கிடந்த வடகொரியாவும் தென்கொரியாவும் அங்கே முதன்முதலாக ஒரே அணியாக, ஒரே கொடியின் கீழ் ஆடின. பெண்கள் அணிகளின் இறுதி ஆட்டத்தில் அந்த ஒன்றிணைந்த கொரியா சீனாவை 3 - 2 என்று வென்றது. டெங்கையே தோற்கடித்தார் வடகொரியாவின் யூ சுன் பொக். வென்ற பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு வடக்கு வடக்கே போனது, தெற்கு தெற்கே போனது. விளையாட்டு நாடுகளை ஒன்றாக்கிவிடும் என்று மேடைகளில் பேசுபவர்கள் இந்தக் கதையின் பிற்பாதியைச் சொல்வதில்லை.

இனி எங்கள் தர்ஜினியிடம் வருவோம்.

தர்ஜினி சிவலிங்கத்தின் ஊர் புன்னாலைக்கட்டுவன். படித்தது வசாவிளான் மத்திய கல்லூரியில். வலிகாமம் வடக்கு மக்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், 1990 கண்முன் வந்துவிடும். ஊர் எழும்பியபோது பாடசாலையும் எழும்பி, இருபது ஆண்டுகள் அகதியாகவே இயங்கியது. அப்படிப்பட்ட காலத்தில் வளர்ந்த பிள்ளை, பிற்பாடு மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். அவருடைய உயரம் 208 சென்ரிமீற்றர், அதாவது ஆறடி பத்து அங்குலம். தெருவில் போனால் திரும்பிப் பார்க்காதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். உயரத்துக்காகக் கேலிக்கு ஆளானதை அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். பனை, தென்னை, கொக்கு என்று எங்கள் ஊர்களில் நெட்டைப் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களை வாசகிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வலைப்பந்தாட்டத்தைப் பாடசாலையில் ஆடியவர்களுக்கு அதன் விதி தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் அணியில் ஏழு பேர். அவர்களில் இருவர் மட்டுமே பந்தை வளையத்துக்குள் போடலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது, மூன்று விநாடிக்குள் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வளையம் நிலத்திலிருந்து பத்தடி உயரத்தில் இருக்கும். வளையத்தின் கீழே தர்ஜினி நின்று கையை உயர்த்தினால் எதிரணிப் பெண்கள் குதித்தாலும் எட்டாது. ஆனால் பந்து அவரிடம் வந்து சேர வேண்டும். மற்ற ஆறு பேரும் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து கொடுத்தால்தான் அந்த உயரத்துக்கு வேலை உண்டு.

2009 இல் இலங்கை ஆசியச் சம்பியனானது. வளையத்தின் கீழே நின்றவர் தர்ஜினி. அது யுத்தம் முடிந்த ஆண்டு, எமது மக்கள் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்த ஆண்டு. ஒரு தமிழ்ப் பெண் நாட்டின் அணிக்காகக் கிண்ணம் வென்ற செய்தியைப் படித்து மகிழ்ந்தவர்களும் எனக்குத் தெரிந்தவர்களில் உண்டு. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்களும் உண்டு. பாடசாலை மாணவியாக இருந்த எனக்கு அப்போது இரண்டாவது வகையினரின் மௌனம் விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அந்தப் பெண் ஆடியது ஆட்டம். அதை எங்கள் காயத்துக்கு மருந்தாக்கவும் வேண்டாம், காயத்தின் மேல் வைத்த உப்பாக்கவும் வேண்டாம்.

பின்னர் அவர் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் கழக அணிக்காகவும் ஆடினார். இடையில் சில ஆண்டுகள் தேசிய அணியில் அவர் இல்லை. 2009 க்குப் பிறகு ஒன்பது ஆண்டுகளாக ஆசியக் கிண்ணமும் இலங்கைக்கு வரவில்லை. 2018 இல் அவர் திரும்பி வந்தார். சிங்கப்பூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரையே 69 - 50 என்று இலங்கை வென்றது. மறு ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகக் கிண்ணம். பதினாறு நாடுகளில் இலங்கைக்குப் பதினைந்தாம் இடமே கிடைத்தது. ஆனால் அந்தப் போட்டித் தொடரிலேயே அதிக கோல்களைப் போட்டவர் தர்ஜினி, மொத்தம் 348. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பது. எங்கள் பக்கத்தில் நாற்பது வயதுப் பெண்ணை, அதிலும் கணவனை இழந்தவளாக இருந்தால், கிழவிகளின் வரிசையில் உட்கார வைத்துவிடுவோம்.

இவ்வாறான வாழ்க்கைகளைச் சொல்லிவிட்டு, "தன்னம்பிக்கை இருந்தால் வெல்லலாம்" என்று முடிப்பது வழக்கம். கருத்தரங்குகளில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. எமது பெண்களிடம் தன்னம்பிக்கை இல்லையென்று யார் சொன்னது? பதுங்குகுழியில் பிள்ளை பெற்றவளுக்கா அதைப் படிப்பிக்கப் போகிறோம்? டெங் யாபிங்குக்குப் பயிற்றுநரான தந்தை இருந்தார், விளையாட்டுக்கென்று பணத்தைக் கொட்டும் அரசும் இருந்தது. தர்ஜினிக்குச் செலான் வங்கியில் வேலை இருந்தது, வங்கியின் அணியும் இருந்தது. இது சின்ன விஷயமல்ல. வர்த்தக நிறுவனங்கள் தமக்குள் போட்டி நடத்துவதால், நன்றாக ஆடும் பெண்ணுக்கு வேலை கிடைக்க எங்கள் நாட்டில் வழி உண்டு. உயரத்தைக் குறையாகப் பார்த்த ஊரில், அதே உயரத்துக்கு மாதச் சம்பளம் கொடுக்கவும் ஓர் இடம் இருந்தது. அந்த இடம் இல்லாதிருந்தால் ஆறடி பத்து அங்குலம் கேலியாகவே முடிந்திருக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நான் போய்வரும் வீடுகளில் ஒன்று. தாய் முல்லைத்தீவைச் சேர்ந்தவர். கணவனை 2009 இல் இழந்து, கைக்குழந்தையோடு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அந்தக் கைக்குழந்தை இப்போது ஐந்தடி பத்து அங்குலம். பாடசாலை வலைப்பந்து அணியில் ஆடுகிறாள். இந்த வருடம் தாய் அவளை மறித்துவிட்டார்.

"பாஞ்சு பாஞ்சு இன்னும் வளரப் போறாள் மிஸ். பிறகு ஆர் கட்டுறது?"

பாய்வதால் எலும்பு நீளாது என்று விளக்கினேன். "சரி, சட்டை கட்டையாய் இருக்கு" என்றார். உள்ளே நீளக் காற்சட்டை போட்டு ஆட விடுவார்களா என்று ஆசிரியையிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். "இருட்டினாப் பிறகு ஆர் கூட்டிக்கொண்டு வாறது? ஆம்பிளை இல்லாத வீடு எண்டு சனம் பாத்துக்கொண்டிருக்கு" என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. அது நியாயமான பயம். தன்னம்பிக்கைப் பேச்சால் அந்தத் தெருவுக்கு வெளிச்சம் வராது. அதே பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் இன்னொரு தாய் அந்தத் தெருவின் முனையில் இருக்கிறார். இருவரும் முறை வைத்துப் போய்க் கூட்டிவரலாம் என்று அந்த வாரமே பேசி ஒழுங்கு செய்தோம். சப்பாத்து இன்னும் பிரச்சினைதான். அவளுடைய காலளவில் பெண்களின் சப்பாத்து கிடைப்பதில்லை. புறக்கோட்டையில் ஆண்களின் சப்பாத்துத்தான் பார்க்க வேண்டும்.

போன கிழமை தர்ஜினியின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். தாய் நீண்ட நேரம் பார்த்தார். "இந்தப் பிள்ளை எங்கட ஆக்களோ?" என்று கேட்டார். புன்னாலைக்கட்டுவன் என்றேன். பிறகு வங்கி வேலையைப் பற்றிச் சொன்னேன். அடுப்பில் இருந்த இடியப்பத் தட்டை இறக்கிவிட்டு வந்து, நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"அக்கவுன்ட்ஸ் படிச்சிருக்க வேணுமோ, இல்லாட்டி ஏ.எல். பாஸ் பண்ணினாக் காணுமோ?"

நிறுவன அணிகளில் பெண்களைச் சேர்க்கும்போது என்ன தகைமை கேட்கிறார்கள் என்று விசாரித்து வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதுவரை செவ்வாயும் வியாழனும் மகளைப் பயிற்சிக்கு விடுவாராம். ஐந்தரைக்கு மேல் ஒரு நிமிடமும் இல்லையாம்.