நீ எழுதினது எதுப்பா?

ரெண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. சோம்பேறித்தனம் இல்லை, சத்தியமாக ப்ராஜெக்ட் ரிவ்யூதான் காரணம். போன ரிவ்யூவில் நான் முழித்ததை என் வகுப்பு மக்கள் நேரில் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பார்க்காதவர்களுக்காக இது.

எங்கள் ப்ராஜெக்ட் ஹாஸ்டல் மெஸ் கணக்கு. அதற்குப் பின்னால் ஒரு வெப் ஏபிஐ. பயப்பட வேண்டாம், மெஸ் ஜன்னல் மாதிரிதான். டோக்கனை நீட்டினால் தோசை வரும், உள்ளே அடுப்பு எங்கே என்று நமக்குத் தெரிய வேண்டாம். மொபைல் ஆப் ஒரு முகவரியைக் கேட்கும், நம் புரோகிராம் ஜேசன் வடிவத்தில் பதிலை நீட்டும்.

லேப்பில் விஷுவல் ஸ்டுடியோவைத் திறந்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட், கிரியேட் என்று அமுக்கித்தான் அதை உருவாக்கியிருந்தேன். ரிவ்யூவுக்கு வந்த சார் ஒரு நிமிடம் பார்த்தார். "இதுல நீ எழுதினது எது, தானா வந்தது எதுப்பா?" என்றார். நான் தைரியமாக ஒரு ஃபைலைக் காட்டினேன். "அது டெம்ப்ளேட்ல வர்றது" என்றார். இன்னொன்றைக் காட்டினேன். அதுவும் அப்படித்தான். அப்புறம் நான் எதையும் காட்டவில்லை. "அடுத்த ரிவ்யூல சொல்லு" என்று அனுப்பிவிட்டார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

என் லேப்டாப்பில் 4 ஜிபி ராம். விஷுவல் ஸ்டுடியோவைத் திறந்தால் ஃபேன் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் டாட்நெட் எஸ்டிகே-யை மட்டும் போட்டுக்கொண்டு, இதுவரை பயந்து ஓடிய கருப்புத் திரை முன்னால் உட்கார்ந்தேன். அடிக்க வேண்டியது மூன்றே சொல்: டாட்நெட், நியூ, வெப்ஏபிஐ. அடித்தேன். சில நொடியில் முடிந்தது. ஆகா!

ஆனால் நான் நின்றது டெஸ்க்டாப்பில். இந்தக் கட்டளை நாம் எந்த ஃபோல்டரில் நிற்கிறோமோ அங்கேயே எல்லாவற்றையும் கொட்டும், அந்த ஃபோல்டரின் பெயரையே ப்ராஜெக்டுக்கும் வைக்கும். என் ப்ராஜெக்டின் பெயர் 'டெஸ்க்டாப்' :-) அதோடு போகவில்லை. ப்ராஜெக்ட் ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குக் கீழே கிடக்கும் சி ஷார்ப் ஃபைல்கள் எல்லாமே தானாகக் கம்பைலில் சேர்ந்துவிடும். முதலாம் ஆண்டு லேப் புரோகிராம்கள் வரை உள்ளே வந்து சிவப்பு சிவப்பாக எர்ரர். பாடம்: கட்டளையோடு ஒரு ஹைஃபன், 'ஓ', பிறகு ஃபோல்டர் பெயர் கொடுங்கள். தனி வீடு கட்டிக் குடியேறும்.

அடுத்து டாட்நெட் ரன். திரையில் ஒரு லோக்கல்ஹோஸ்ட் முகவரி வந்தது. பிரவுசரில் போட்டால் 404. சீனியர் நோட்ஸில் இருந்த ஸ்வாக்கர் பக்கமும் 404. அரை நாள் போன பிறகுதான் தெரிந்தது, 2024 நவம்பரில் வந்த டாட்நெட் 9-இல் இருந்தே ஸ்வாக்கர் பக்கத்தை டெம்ப்ளேட்டில் இருந்து எடுத்துவிட்டார்கள். வெறும் முகவரிக்குப் பதில் சொல்ல யாரும் எழுதவும் இல்லை. கடைசியில் 'வெதர்ஃபோர்காஸ்ட்' என்று சேர்த்தால்தான் பதில் வரும்.

வந்த பதில் செம காமெடி. ஐந்து நாள் வானிலை. ஒரு நாள் 48 டிகிரி, பக்கத்தில் 'உறைபனி' என்று குறிப்பு! வெப்பமும் குறிப்பும் தனித்தனியாகக் குலுக்கிப் போட்டு எடுக்கப்படுகின்றன. ஃபாரன்ஹீட் கணக்கும் கொஞ்சம் இடிக்கும். 0.5556-ஆல் வகுத்து, தசமத்தை வெட்டிவிட்டு, 32 கூட்டுகிறார்கள். 5 டிகிரிக்கு 41 வர வேண்டும், 40 வருகிறது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். யாரோ பெரியவர்கள் எழுதியது, சரியாகத்தான் இருக்கும் என்று தொடாமல் வைத்திருந்த ஃபைல் இதுதான். அன்றைக்குத்தான் பயம் தெளிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஃபைலாக அழித்து, ஓட்டி, திரும்ப வைத்தேன். ஆப்செட்டிங்ஸை அழித்தால் ஒன்றும் ஆகவில்லை, ஓடியது. லாஞ்ச்செட்டிங்ஸை அழித்தால் ஓடியது, ஆனால் போர்ட் 5000-க்குப் போய்விட்டது, டெவலப்மெண்ட் நிலை புரொடக்ஷனாக மாறிவிட்டது. ப்ராஜெக்ட் ஃபைலை அழித்தால், ஓட்டுவதற்கு ப்ராஜெக்டே இல்லை என்று கைவிரித்தது. எந்த ஃபைல் எதற்கு என்று புத்தகத்தில் மூன்று தடவை படித்தும் நிற்காதது, ஒரு சாயங்காலத்தில் நின்றது.

கடைசியாக ஒரு வேலை செய்தேன். புது ப்ராஜெக்டை உருவாக்கியதும், ஒரு எழுத்துகூட அடிக்கும் முன் கிட்டில் ஏற்றி முதல் கமிட் போட்டுவிட்டேன். (அதற்கு முன் டாட்நெட் நியூ கிட்இக்னோர் கொடுங்கள், இல்லாவிட்டால் கம்பைல் குப்பையும் சேர்ந்து ஏறும்.) இனி அந்த முதல் கமிட்டோடு ஒப்பிட்டு கிட் டிஃப் அடித்தால், தானாக வந்தது போக நான் எழுதியது மட்டும் பச்சையில் தெரியும். அழித்தது சிவப்பில்.

நேற்று ரிவ்யூ. அதே சார், அதே கேள்வி. டிஃப்பைக் காட்டினேன். வானிலை வரிகள் சிவப்பில், மெஸ் வரிகள் பச்சையில். எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம் வரிதான். "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான் சார். ஆனா எல்லாம் நான் எழுதினது."

தலையாட்டிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார். மார்க் இன்னும் வரவில்லை. நேற்று நன்றாகத் தூங்கினேன்.