இடப்பக்கத்து நாடா

கோர்வைப் பட்டுத் தறியில் ஒரு சேலைக்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் ஊடையை, அதாவது குறுக்கு இழையை, கொண்டு ஓடும் நாடா மூன்று. நெசவாளர் வலப்பக்கத்தையும் உடலையும் பார்த்துக்கொள்ள, இடப்பக்கக் கரைக்கான நாடாவை உதவிக்கு உட்காருபவர் தள்ளுவார். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். காஞ்சிபுரம் பட்டின் பெயரே இந்தக் கோர்வையில்தான் நிற்கிறது. குடும்பத் தறியில் அந்த இடப்பக்கம் பெரும்பாலும் மனைவியுடையது. கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று நெசவாளர் பேரில் எழுதப்படும். இடப்பக்கத்துக்கென்று தனிக் கணக்குக் கிடையாது.

தறிச் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று நான் கிளம்பியதற்கு அந்த இடப்பக்கம்தான் காரணம். தறியைப் பற்றிய வீடியோக்களில் காதில் விழுவது ஒரே இரைச்சல். ஊடையை நெருக்கும் பன்னை அடிக்கும் அடியும் ஜக்கார்டு அட்டைகள் புரளும் சத்தமும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகின்றன. இரண்டு பேர் செய்யும் வேலை ஒரு ஆள் வேலையாகக் கேட்கிறது. இரண்டு பக்கத்தையும் தனித்தனி டிராக்கில் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் யார் என்ன செய்கிறார் என்பது தெரியும்.

கையில் தூக்கிப் போகும் கருவியில் இது நடப்பது அண்மைக் காலத்தில்தான். டச்சு இசை ஆய்வாளர் ஆர்னல்ட் பேக் 1938-இல் தென்னிந்தியாவில் சுற்றிப் பதிவு செய்தபோது பாட்டு, மேளம், கூட்டம் எல்லாம் சேர்ந்து ஒரே தடத்தில்தான் விழுந்தன. 1984-இல் இசை ஆய்வாளர்கள் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அதே ஊர்களைத் தேடி வந்து, அவர் பதிவுகளை அங்கிருந்தவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். அந்தச் செயல் எனக்கு மிகவும் பிடித்தது. பதிவு யாருடையதோ அவர் கேட்காத வரை அது பாதி வேலைதான்.

நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் கேசட் கருவியை டாஸ்காம் 1979-இல் கொண்டுவந்தது. ஆனால் அது வீட்டு மேஜைக்கானது. இன்றைக்குச் சந்தையில் இருப்பவற்றில் விலையையும் வசதியையும் பார்த்தால் தலை சுற்றும். எனக்கு வேண்டியவை சில மட்டுமே: ஒவ்வொரு மைக்குக்கும் விரலால் திருகும் தனிக் குமிழ், கடையில் வாங்கும் பென்சில் பேட்டரி, பட்டன் அழுத்தியதும் பதிவு. தொடுதிரையில் பட்டியலுக்குள் பட்டியலாகத் தேடிக்கொண்டிருந்தால் எதிரே நடக்கும் வேலையைப் பார்க்க முடியாது. கடைசியில் 2013-இல் வெளிவந்த ஜூம் எச்6-ஐ எடுத்துக்கொண்டேன். நான்கு மைக் நுழைவு, நான்குக்கும் நான்கு குமிழ், மேலே கழற்றி மாட்டும் ஸ்டீரியோ மைக். ஆக ஆறு டிராக். புதிய கருவிகளில் 32 பிட் ஃப்ளோட் முறை இருப்பதால் அளவு வைக்காமலே பதியலாம் என்பார்கள். நல்ல வசதிதான். எனக்கு அது இல்லாதது குறையாகத் தெரியவில்லை. அளவு வைப்பதற்காக உட்கார்ந்து கேட்கும் அந்த நேரத்தில்தான் தறி பிடிபடுகிறது.

நான் பதிவுக்குப் போன தறி காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் இருக்கிறது. ஏனாத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1993-இல் தொடங்கிய சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். கல்லூரிப் பேருந்துகள் ஓய்ந்த பிறகு வரச் சொன்னார் நெசவாளர். நான் அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். குழித்தறி. தரையோடு தரையாக உட்கார்ந்து, குழிக்குள் கால் விட்டு மிதிக்க வேண்டும். மண்ணின் ஈரம் இழை அறாமல் காக்கும் என்பது அவர்கள் கணக்கு.

“வெய்ட்டா எதையும் தறி மேல மாட்டிடாதீங்க சார், பாவு ஆடும்” என்றார் அண்ணன். அதனால் ஸ்டாண்டுகள் தரையில் நின்றன. பட்டுச் சேலையின் அகலம் ஏறக்குறைய நான்கு அடி. மைக்குக்கும் சத்தத்துக்கும் ஒரு அடி இருந்தால் மைக்குக்கும் மைக்குக்கும் மூன்று அடியாவது இருக்கட்டும் என்பது ஒலிப்பதிவில் பழைய விதி. ஒன்றின் சத்தம் மற்றதில் அதிகம் கசியாது. தறியின் அளவே அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. இரண்டு கரைப்பக்கமும் ஒவ்வொரு சிறிய கண்டென்சர் மைக், குழிக்குள் மின்சாரம் கேட்காத டைனமிக் மைக், சற்றுத் தள்ளி ரெக்கார்டரின் சொந்த மைக். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டபோது இருவரும் மறுக்கவில்லை. அந்த வியர்வைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அளவு வைப்பது மெதுவான வேலை. சோதனைக்கு அடியுங்கள் என்றால் யாரும் பார்த்துப் பார்த்துத்தான் அடிப்பார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டச் சொல்லி, பன்னை அடி உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் நிறுத்தினேன். அந்த அளவில் நாடா வழுக்கும் ஒலி திரையில் ஒரு கோடாகக்கூட எழவில்லை. ஆனாலும் 24 பிட்டில் அது பத்திரமாக உள்ளே இருக்கும். டிராக் ஒன்றுக்கு மணிக்கு 500 எம்பிக்குச் சற்று மேல் பிடித்தது.

ஓட்டம் நின்றதும் இடப்பக்க டிராக்கை மட்டும் திறந்து ஹெட்ஃபோனை அக்காவிடம் கொடுத்தேன். நாடா வழுக்கி வருகிறது. விரல் பிடிக்கும் ‘டொக்’. பிறகு மிகச் சன்னமாக ஒரு உரசல், ஊடையும் ஊடையும் கோக்கும் இடத்தை அவர் விரல் இழுத்துச் சரிசெய்வது. அதற்குப் பிறகு ஒரு இடைவெளி. பின்னால் எங்கோ பன்னை விழுகிறது. இந்த உரசல் எந்த வீடியோவிலும் இல்லை. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் காதுக்கும் அது எட்டவில்லை.

இரண்டு மூன்று ஓட்டம் கேட்டுவிட்டு, “நாந்தான் காத்துனு இருக்கேன், பாருங்க” என்று ஹெட்ஃபோனைக் கணவரிடம் நீட்டினார். அண்ணன் கேட்டார். திரும்பவும் போடச் சொன்னார். பிறகு வலப்பக்க டிராக்கை, அப்புறம் குழியை. “அட்டை மாறும்போது என் கால் தங்குது. அந்த நேரத்துல அவ கரையத் தடவிக் குடுக்கறா. அதான் எங்க கரை சுருங்காது” என்றார். சேர்ந்து நெய்துவந்த அத்தனை வருடத்தில் இதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லையாம். எனக்கு அந்தக் காத்திருப்புதான் முக்கியமாகப் படுகிறது. அது சும்மா இருப்பது இல்லை. கூலிக் கணக்கில் வராத வேலை அந்த இடைவெளிக்குள் நடக்கிறது.

எல்லா டிராக்கையும் தனித்தனிக் கோப்பாகப் பென்டிரைவில் போட்டு அவர்களிடம் கொடுத்தாயிற்று. கலந்து ஒன்றாக்கிய பதிவும் அதில் உண்டு. கல்லூரிக்குப் போகும் மகள் அம்மாவின் டிராக்கைத் தனியாகப் போனில் ஏற்றிக்கொண்டாள்.

அடுத்துப் பதிவு செய்ய வேண்டியது பாவு, அதாவது நீளவாக்கு இழை. விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழையை விரித்துக் கட்டி, இரு பக்கமும் ஆள் நின்று செய்யும் வேலை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கேபிள் இழுத்தால் நடப்பவர் காலில் சிக்கும். அதனால் இரண்டு ரெக்கார்டர் வேண்டும். இரண்டு கருவிகளின் கடிகாரமும் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விலகும் என்பதால் தொடக்கத்திலும் முடிவிலும் நடுத்தெருவில் நின்று ஓங்கிக் கைதட்ட வேண்டும். அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பின்னால் பொருத்திக்கொள்ளலாம். இரவல் கருவி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மைக் எங்கெங்கே வைப்பது என்பதை இந்த முறை அக்காவே சொல்லிவிட்டார்: அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டே வரும் பெண்களோடு ஒன்று கூடவே நடந்து வர வேண்டுமாம்.