சராசரி சாட்சி சொல்லுமா?

'சராசரி' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். சராசரி மழை, சராசரி மதிப்பெண், சராசரி விளைச்சல் என்று அதற்கு ஓய்வே இல்லை. அதன் உடன்பிறப்பான 'நிகழ்தகவு' மட்டும் வகுப்பறைக் கரும்பலகையோடு நின்றுவிடுகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதினால் விளையும் கேட்டை ஒரு கணினி விளையாட்டின் வாயிலாகக் கண்டேன் என்றால் பேராசிரியப் பெருமக்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டுப் படிக்க வேண்டுகிறேன்.

மைன்கிராஃப்ட் என்னும் அவ்விளையாட்டு 2011-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டிலிருந்து முழு வடிவில் வெளிவந்தது. மண்ணும் கல்லும் கட்டி கட்டியாக அமைந்த உலகம் அது. தோண்டியெடுத்த பொருள்களைச் சேர்த்துக் கருவிகள் செய்வதே அதன் உயிர்நாடி. அங்கே சரளைக் கட்டி ஒன்றைத் தோண்டினால் சிக்கிமுக்கிக் கல் கிடைக்கும் நிகழ்தகவு நூற்றுக்குப் பத்து. சிக்கிமுக்கிக் கல், குச்சி, இறகு ஆகியவை ஒவ்வொன்று சேர்ந்தால் 4 அம்புகள் ஆகும். 1000 சரளை தோண்டுபவனுக்கு ஏறத்தாழ 100 கற்கள், 400 அம்புகள். அவனுக்குச் சராசரியே போதும்.

தீமூட்டும் கருவி ஒன்று மட்டும் செய்ய விரும்புபவனின் நிலை வேறு. அவனுக்குத் தேவை ஒரே ஒரு கல். "பத்துக்கு ஒன்று, ஆகவே பத்துச் சரளையில் ஒன்று உறுதி" என்று நம்பினால் ஏமாந்து போவான். பத்து 0.9-களைப் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.35 வரும். அப்படிப் புறப்படுவோரில் மூவரில் ஒருவர் வெறுங்கையோடுதான் திரும்புவர்!

விளையாட்டுத்தானே என்பீர்கள். அது வினையான கதையையும் கேளுங்கள்.

எங்கள் விடுதியில் ஐந்து நண்பர்கள் சேர்ந்து இவ்விளையாட்டை ஆடி வந்தனர். தோண்டியது எதுவாயினும் பொதுப்பெட்டியில் சேர்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 'ஃபார்ச்சூன்' என்னும் வரம் மூன்றாம் நிலை வரை ஏற்றப்பட்ட பிக்காசு ஒன்று அவர்களிடம் இருந்தது. அதனால் உடைத்தால் வைரத் தாதுக்கட்டி ஒன்றுக்குச் சராசரி 2.2 வைரம். மார்புக்கவசத்திற்கு வேண்டியவை 8. கண்ணில் பட்டவை 4 கட்டிகள். நான்கை 2.2-ஆல் பெருக்கினால் 8.8. போதும் என்று ஒருவனை அனுப்பினார்கள். அவன் பெட்டியில் சேர்த்ததோ 6. "மற்றவை எங்கே?" என்று கேள்வி எழுந்தது. அன்றிரவு உணவுக்கூடத்தில் அவனருகே ஒருவரும் அமரவில்லை. அதிகம் பேசாதவன், மறுத்துரைக்கவும் அவனுக்குச் சொல் வரவில்லை.

நான் அவ்விளையாட்டை ஆடுபவனல்லன். அவனுடைய அறைத் தோழன். தாளை எடுத்துக் கணக்கிட்டேன். அப்பிக்காசின் விதி ஐந்து சீட்டுக் குலுக்கலைப் போன்றது. இரண்டு சீட்டுகளில் 1. மற்ற மூன்றில் முறையே 2, 3, 4. கூட்டினால் 11, ஐந்தால் வகுத்தால் 2.2. ஆனால் 2.2 என்று எழுதிய சீட்டு எங்கே இருக்கிறது? நான்கு முறை குலுக்கினால் 625 வழிகள் உண்டு. அவற்றுள் எட்டை எட்டாதவை 192. ஆறோ அதற்குக் குறைவோ வருபவை 104; ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. பகடையை உருட்டினால் 'ஒன்று' விழும் வாய்ப்பும் அதுதான். பகடையில் ஒன்று விழுந்ததற்காக ஒருவனைத் திருடன் என்போமா?

கணக்கைக் கேட்ட நண்பர் ஒருவர், "அப்படியானால் எவ்வளவு குறைந்தாலும் தற்செயல் என்று சொல்லித் தப்பிவிடலாமே!" என்றார். நியாயமான கேள்வி. அங்கேதான் சராசரிக்கு வலிமை வருகிறது. 400 கட்டிகளுக்குச் சராசரி 880 வைரம். திட்ட விலக்கம் ஏறத்தாழ 23 மட்டுமே. அங்கே ஒருவன் 600 கொண்டுவந்தால், குறைவின் விகிதம் ஏறத்தாழ அதேதான். ஆயினும் தற்செயல் என்று நம்ப இயலாது. முயற்சிகள் பெருகப் பெருக அவற்றின் சராசரி எதிர்பார்த்த மதிப்பை நெருங்கும் என்பது பேரெண் விதி. இதனை நிறுவிய ஜேக்கப் பெர்னூலியின் நூல், அவர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து 1713-இல் வெளிவந்தது. நானூறு கட்டிகள் தரும் உறுதியை நான்கு கட்டிகளிடம் எதிர்பார்க்கலாமா?

ஒன்றை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். அவன் எடுக்கவில்லை என்று என் கணக்கு மெய்ப்பிக்கவில்லை. எடுத்தான் என்று கூற எவரிடமும் ஆதாரமில்லை என்பதையே மெய்ப்பித்தது. குற்றம் சாட்டியவர்களுக்கு அதுவே போதுமானதாயிற்று. மறுநாள் அவர்களே வந்து அவனை உணவுக்கு அழைத்துச் சென்றனர்.

சராசரி பொய் சொல்வதில்லை. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிப் பேசும் கணக்கு. தனியொருவனின் ஒரு நாளைப் பற்றி அது சாட்சி சொல்லாது. நாளை நாம் ஆசிரியராகவோ அலுவலராகவோ அமர்ந்து பிறர் கணக்கைப் பார்க்கப் போகிறவர்கள். சராசரிக்குக் குறைந்தவன் என்று ஒருவனை ஒதுக்குமுன், அவனுக்கு எத்தனை வாய்ப்புகள் கிடைத்தன என்று முதலில் எண்ணிப் பார்ப்போமாக!