நனைத்துக் கழற்ற வேண்டிய கூரை

மறைமலை நகர் சென்னையின் துணை நகரமாக வளர்ந்த எண்பதுகளில், செலவில்லாமல் ஷெட் போட நினைத்தவர்களுக்குக் கைகொடுத்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். துருப்பிடிக்காது, தீப்பிடிக்காது. கார் கம்பெனிகள் வந்து ஊரின் முகமே மாறிய பிறகும், பழைய பட்டறைகள் சிலவற்றின் தலைக்கு மேல் அது கறுத்துப்போய்க் கிடக்கிறது.

அதைக் கழற்றும் நாளில் பாதுகாப்பு அதிகாரி முதலில் பிடுங்கி வைப்பது கட்டிங் மெஷினை. ஷீட்டில் கிரைசோடைல் என்ற ஆஸ்பெஸ்டாஸ் நார் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் சிமெண்டும் சாம்பலும். உடையாதவரை நார் சிமெண்டுக்குள் அடங்கியிருக்கும். பிளேடு பட்டால் காற்றில் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியும் புழுதி சீக்கிரம் படிந்துவிடும். தெரியாத நார்தான் நுரையீரலின் அடிவரை போகும். அதனால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம்.

கூரையில் பெரிய தொல்லை, ஷீட்டைப் பிடித்திருக்கும் துருவேறிய ஜே போல்ட். நட்டைத் திருகினால் சுற்றியுள்ள ஷீட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். அதனால் போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, கை போல்ட் கட்டரால் அதை நறுக்கி, ஷீட்டை முழுசாகக் கையில் வாங்கிக் கீழே இறக்குவார்கள். தண்ணீரில் துளி பாத்திர சோப்பு கலந்தால் வழிந்தோடாமல் ஊறும். ஆனால் நனைந்த கூரை வழுக்கும். பழைய ஷீட் ஆள் கனமும் தாங்காது. மேலே ஏறி, ஷீட் உடைந்து விழுந்து செத்தவர்கள் பற்றி அவ்வப்போது பேப்பரில் ஓரமாகச் செய்தி வருகிறது. ஒரே வேலையில் இரண்டு சாவு: ஒன்று அந்த நிமிடமே, மற்றது பேரன் பேத்தி எடுத்த பிறகு. கீழே சாரம் கட்டி, அதில் நின்று கழற்றுவதே இரண்டுக்கும் பொதுவான வழி.

"சார், உடைச்சுத் தள்ளினா மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்பார் மேஸ்திரி. கூலிக் கணக்கில் அவர் சொல்வது சரிதான். முகத்தில் துண்டு கட்டிய ஆட்களும் தலையாட்டுவார்கள். துண்டு இந்த நாரைத் தடுக்காது. எஃப்எஃப்பி3 ரக மாஸ்க் வேண்டும், அதுவும் தாடியில்லாத முகத்தில் இறுக்கமாக. வேலை பார்த்த சட்டையோடு வீட்டுக்குப் போகவும் கூடாது. துவைக்கும் மனைவிக்கும் நோய் வந்த கதைகள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்தப் பக்கத்துக் கூரைகளைப் பிய்த்துப்போட்டதே, அப்போது உடைசலை நனைத்து அள்ளியவர் எத்தனை பேர்? துடைப்பம்தான் எங்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை அவர் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஷீட் செய்யும் ஆலையில் மஸ்டர் ரோலில் பெயர் உள்ளவருக்கே அது உதவும். கான்ட்ராக்டர் இரண்டு நாளைக்கு அழைத்து வந்த கூரை ஆளுக்கு ஏது பதிவேடு?

ஆஸ்பெஸ்டாஸ் வெட்டியெடுக்க இங்கே புதிய சுரங்கக் குத்தகை தருவது 1986-லேயே நின்றது. நார் இறக்குமதி நிற்கவில்லை, ரஷ்யாவிலிருந்தும் வருகிறது. அந்த வியாபாரம் லேசானதல்ல. இலங்கை 2018 முதல் ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதிக்குத் தடை என்றது. 2017 டிசம்பரில், சரக்கில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா சிலோன் தேயிலையை நிறுத்தியது. கொழும்பு தடையைத் தள்ளிவைத்தது. தேயிலை மறுபடி கப்பலேறியது. வண்டுக்கு இவ்வளவு செல்வாக்கு!

கழற்றிய உடைசலை இரட்டை பாலிதீனில் கட்டி, எச்சரிக்கை ஒட்டி, கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புவதே முறை. சென்னையின் தென்கோடியிலிருந்து வடகோடியையும் தாண்டிப் போகும் வாடகையை எந்த முதலாளி விரும்புவார்? உடையாத ஷீட்டுகளுக்கோ வாசலிலேயே விலை கிடைக்கிறது. குட்டியானை வண்டியில் ஏறி, ஏதோ ஊரில் மாட்டுக் கொட்டகைக்கோ குளியலறைத் தடுப்புக்கோ அவை போய்ச் சேரும். அங்கே அளவுக்கு வெட்டப்போகிறவர் கையில் தண்ணீர் இருக்காது.