வண்டிக்கு உண்டு, ஆளுக்கு இல்லை



அமெரிக்காவைப் பற்றி எழுதும் நம்மவர்கள் பெரும்பாலும் வாஷிங்டனையும் நியூயார்க்கையுமே எழுதுகிறார்கள். ஜனாதிபதி தும்மினால் நம் பத்திரிகைகளில் அது தலைப்புச் செய்தியாகிவிடுகிறது. ஆனால் இந்நாட்டு ஜனங்கள் தங்கள் பணத்தைத் தாங்களே எண்ணிப் பார்த்து, அண்டை வீட்டாரின் முகத்துக்கு நேரே ‘கூடாது’ என்று உரைத்து, பின்பு அதே அண்டை வீட்டாரோடு காப்பி அருந்திவிட்டு வீடு திரும்பும் விந்தையைக் காண வேண்டுமானால், நான் குடியிருக்கும் மேற்கு மாசசூசெட்ஸின் சிற்றூர்களில் ஏதேனும் ஒன்றுக்கு வசந்த காலத்தில் வர வேண்டும். ஜனத்தொகை 6,000-க்குக் குறைவாக உள்ள ஊரில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து ஊர்ச்சபைக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்கு இம்மாநிலச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட எவரும் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலியில் அமர்ந்து, ஊரின் வரவு செலவுத் திட்டத்தை வரி வரியாகக் கேள்வி கேட்கலாம், திருத்தலாம், நிராகரிக்கவும் செய்யலாம். குடியுரிமை பெறாத நான் வாக்கில்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சொத்து வரி கட்டுகிறேன். கை உயர்த்த இயலாது. பிரதிநிதித்துவமின்றி வரி இல்லை என்று முழங்கித் தேயிலையைக் கடலில் கொட்டிய மாநிலமாயிற்றே என்று சொல்லிக் காட்டினால் இவர்கள் நன்றாகச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அடுத்த ஆண்டும் வரிச்சீட்டை அனுப்பிவிடுவார்கள்.

இவ்வாண்டு எங்கள் ஊரை விவாதத்தில் ஆழ்த்தியது ஒரு தீயணைப்பு வண்டி.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது சற்று விநோதமாகத் தோன்றலாம். நம்மிடம் தீயணைப்பு மாநில அரசாங்கத்தின் துறை. 101-ஐ அழைத்தால் வண்டி வரும், வரத் தாமதமானால் அரசாங்கத்தைத் திட்டுவோம். அந்த வண்டியின் விலை என்ன, அதை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதைக் கிராம சபையில் எவரும் எழுந்து நின்று வினவியதாக நான் அறியேன். இங்கேயோ தீயை அணைப்பது ஊராரின் சொந்தக் காரியம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-இல் பிலடெல்பியாவில் அண்டை அயலாரைச் சேர்த்துத் தீயணைப்புச் சங்கம் அமைத்தபோது, தோல் வாளிகளையும் பொருள்களை வாரிக் கட்டப் பைகளையும் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் செலவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த மரபின் மிச்சமாக இன்றும் இத்தேசத்துத் தீயணைப்போரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தொண்டர்கள். தச்சர், மின்பணியாளர், பள்ளி ஆசிரியர் என்று பகலில் வேறு ஜீவனம் செய்து, அழைப்பு வந்தால் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள்.

எங்கள் பழைய வண்டி இருபத்தைந்து வயதைக் கடந்துவிட்டது. தீப்பாதுகாப்புத் தர நியமங்களை வகுக்கும் தேசியச் சங்கம், பதினைந்து ஆண்டான வண்டியை இரண்டாம் நிலைக்கு ஒதுக்கவும், இருபத்தைந்து ஆண்டானதைக் கழித்துவிடவும் ஆலோசனை கூறுகிறது. அது சட்டமன்று, ஆனால் விபத்து நேர்ந்து வழக்கு எழுந்தால் வக்கீல்கள் முதலில் எடுத்து வாசிப்பது அதைத்தான். புது வண்டியின் விலை இன்று பத்து லட்சம் டாலரை நெருங்குகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதில் பாதிக்குக் கிடைத்தது. ஆணை கொடுத்தபின் இரண்டு மூன்று ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும், காத்திருக்க வேண்டும். சிறு உற்பத்தியாளர்களையெல்லாம் பெரிய கம்பெனிகள் சில விழுங்கிவிட்டதே இதற்குக் காரணம் என்று தீயணைப்போர் சங்கத்தார் குற்றம் சாட்டுகிறார்கள். உதிரிப் பாகங்களின் தட்டுப்பாட்டையும் பெருந்தொற்றுக்குப் பின் குவிந்த ஆணைகளையும் கம்பெனிகள் காட்டுகின்றன. எவர் சொல்வது மெய்யாயினும் பணம் ஊராருடையது.

புது வண்டிக்கான பிரேரணையை ஊர்ச்சபையில் தீயணைப்புத் தலைவர் கொண்டுவந்தார். எங்கள் ஊரின் பெரும்பகுதியில் தெருக்குழாய் இல்லை. வண்டி தன் வயிற்றில் தாங்கிச் செல்லும் 1,000 காலன் நீரே முதல் துணை. நிமிஷத்துக்கு 1,250 காலன் இறைக்க வல்ல பம்பை முழு வேகத்தில் ஓட்டினால் அத்தனை நீரும் ஒரு நிமிஷத்துக்குள் தீர்ந்துபோகும். அதற்குள் குளத்திலோ ஓடையிலோ குழாயை இறக்கி உறிஞ்சத் தொடங்கிவிட வேண்டும். அந்த உறிஞ்சும் வேலையைத்தான் பழைய பம்பு சரிவரச் செய்வதில்லை. இதை அவர் அலங்காரம் ஏதுமின்றி, நெஞ்சைத் தொடும் கதை எதையும் கூறாமல் எடுத்துரைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. உபகரணம் என்பது வீண் ஆடம்பரமன்று என்பதற்கு இம்மாநிலமே ஒரு துயரச் சாட்சியும் வைத்திருக்கிறது. 1999 டிசம்பர் 3-ஆம் தேதி வுஸ்டர் நகரில், ஜன்னல்களற்ற ஒரு பாழடைந்த குளிர்பதனக் கிடங்கில் தீப்பற்றியபோது, உள்ளே இருவர் சிக்கியிருக்கக்கூடும் என்று எண்ணித் தேடப் போனவர்களும், அவர்களை மீட்கப் போனவர்களுமாக ஆறு தீயணைப்போர் புகையில் வழி தவறி, காற்றுக் குப்பி தீர்ந்து மாண்டார்கள். அவர்கள் தேடிய இருவரோ முன்பே வெளியேறிவிட்டிருந்தார்கள். புகையை ஊடுருவி உஷ்ணத்தைக் காட்டும் படக்கருவி சிற்றூர்களின் பட்டியலிலும் ஏறியதற்கு அந்த இரவு ஒரு முக்கியமான காரணம். ஆகவே, ‘இந்தப் பொம்மையெல்லாம் எதற்கு?’ என்று இங்கே எவரும் இலேசாகக் கேட்டுவிடுவதில்லை.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் பால்பண்ணை வைத்திருக்கும் ஒரு முதியவர். இச்சபையில் ஒருவரை ஒருவர் விளித்துப் பேசக்கூடாது, எதையும் அக்கிராசனரை நோக்கியே சொல்ல வேண்டும் என்பது சம்பிரதாயம். கோபத்தைப் பாதி வழியிலேயே தணித்துவிடும் இந்த ஏற்பாட்டை நம் சட்டசபைகள் கடன் வாங்கியும் அனுஷ்டிக்கத் தவறிவிட்டன என்பது வேறு விஷயம். முதியவர் எழுந்து, “அக்கிராசனர் அவர்களே, வண்டி வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு என் தொழுவம் பற்றிக்கொண்டால் அதில் ஏறி வரப்போவது யார் என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்” என்றார். தலைவர் மறைக்கவில்லை. பட்டியலில் பெயர்கள் இருப்பினும் பலருக்கு உத்தியோகம் வெளியூரில். வாரநாளின் பகலில் சில சமயம் மூவர் வருவார்கள், சில சமயம் இருவர் என்றார். எரியும் வீட்டினுள் இருவர் நுழைய வேண்டுமானால் அவர்களை மீட்க வெளியே இருவர் ஆயத்தமாக நிற்க வேண்டும் என்பது விதி. உள்ளே உயிர் இருக்கிறதென்று தெரிந்தால் மட்டுமே விலக்கு. மூவர் வந்தால், பக்கத்து ஊர் வண்டி வரும் வரை வெளியே நின்று தண்ணீர் பாய்ச்சலாம்.

அந்தப் பதிலுக்குப் பின் கூடத்தில் நிலவிய மௌனத்தைக் கலைத்துப் பலர் பேசினார்கள். பெரும்பாலும் வண்டியின் நிறத்தையும் கடனின் வட்டியையும் பற்றி. ஆனால் அன்றைய விவாதத்தின் உயிர்நிலை முதியவரின் கேள்வியிலேதான் இருந்தது என்பது என் அபிப்பிராயம். 1984-இல் இந்நாட்டில் 8,97,750 தொண்டர்கள் இருந்தார்கள், 2020-இல் 6,76,900. ஏறத்தாழ இதே காலத்தில் அழைப்புகளோ பெருகியவண்ணம் இருந்தன: 1980-இல் சுமார் 1 கோடியே 8 லட்சம், 2020-இல் 3 கோடியே 64 லட்சம். இதில் ஆச்சரியம் என்னவென்றால், தீவிபத்துகள் அந்நாளைய சுமார் 30 லட்சத்திலிருந்து 14 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மார்வலி, மூச்சுத்திணறல், கீழே விழுந்த கிழவர் என்று வைத்திய உதவி நாடுபவை. நம்மூர் 108 செய்யும் வேலையைத்தான் இங்கே சிவப்பு வண்டிக்காரர்கள் பெரும்பாலும் செய்துகொண்டிருக்கிறார்கள். நேர்கிற தீயோ முன்னைவிட வேகமானது. செயற்கை நுரை திணித்த இன்றைய சோபாவும் பிளாஸ்டிக் சாமான்களும் நிறைந்த அறை, பரிசோதனைக் கூடத்தில் ஐந்து நிமிஷத்துக்குள் முழுதும் பற்றிக்கொண்டது. மரமும் பஞ்சும் நிறைந்த பழங்காலத்து அறைக்கு அரைமணி நேரம் பிடித்தது. இந்த உண்மைகளையெல்லாம் சேர்த்து நோக்கினால், ஊருக்கு முதன்மையாக வேண்டியது பகலில் ஊருக்குள்ளேயே இருக்கிற நான்கு மனிதர்கள் என்று எந்தப் பேதையும் சொல்லிவிடுவான்.

சொல்லிவிடலாம், செய்வதற்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1980-இல் இம்மாநில வாக்காளர்கள், சொத்து வரியின் கொடுமை தாளாமல், இரண்டரைத் தீர்மானம் என்று வழங்கும் ஒரு சட்டத்தை நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். ஓர் ஊர் தன் சொத்து வரி வசூலை, புதுக் கட்டிடங்களால் வருவது நீங்கலாக, ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் உயர்த்தலாகாது. மீற வேண்டுமானால் தனியே வாக்கெடுப்பு வேண்டும். அதில் இரு வழிகள் உண்டு. வண்டி வாங்கவோ கட்டிடம் எழுப்பவோ கடன் வாங்கினால், அந்தக் கடன் தீரும் வரை மட்டும் வரம்புக்கு வெளியே வரி தண்டலாம். கடன் தீர்ந்ததும் வரி தானே இறங்கிவிடும். சம்பளத்துக்கோ அந்த வழி இல்லை. அதற்கு வரியின் அடித்தளத்தையே நிரந்தரமாக உயர்த்தித் தர வேண்டும். இரண்டாவதைக் கேட்டாலே குடும்பஸ்தர்கள் நடுங்குகிறார்கள். கல்யாண வீட்டில் பந்தலுக்குத் தாராளமாகக் கடன் வாங்கிவிட்டுப் பரிசாரகரின் கூலியில் பேரம் பேசுவதைப் போல, ஊர்கள் இயந்திரத்துக்குச் சம்மதித்து மனிதனுக்கு மறுத்துவிடுகின்றன. இதற்கு ஜனங்களின் அறியாமையைக் காட்டிலும் சட்டத்தின் அமைப்பே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. வாஷிங்டனிலிருந்து வரும் மானியமும் இந்தச் சாய்வை முழுதும் நிமிர்த்துவதில்லை. ஆள் அமர்த்துவதற்கென்றே தனி மானியம் ஒன்று உண்டு. அது சில ஆண்டுகளுக்குத்தான். மானியம் தீர்ந்த மறுநாள் சம்பளம் யார் தருவது என்று கேட்டு, விண்ணப்பிக்கவே பல ஊர்கள் அஞ்சுகின்றன.

மானியப் பணம் மனத்தை எப்படி மயக்கும் என்பதற்கு எல்லைக்கு அப்பால் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள கீன் நகரம் ஓர் உதாரணம். சுமார் 23,000 பேர் வாழும் அமைதியான ஊர். அதன் பிரசித்தி, ஆயிரக்கணக்கான பூசணிக்காய்களைக் குடைந்து விளக்கேற்றும் அக்டோபர்த் திருவிழா. அந்நகரத்துப் போலீஸார் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவிடம் 2,85,000 டாலருக்கு மேற்பட்ட மானியம் பெற்றுக் கவச வண்டி ஒன்று வாங்க முற்பட்டு, பயங்கரவாத ஆபத்தை விளக்கும் விண்ணப்பத்தில் அந்தப் பூசணிக்காய்த் திருவிழாவையும் குறிப்பிட்டார்கள். 2012-இல் ஊரார் திரண்டு ஆட்சேபித்தார்கள். தேசமெங்கும் பரிகாசம் எழுந்தது. ஆயினும் இலவசமாக வருவதை மறுப்பானேன் என்ற நியாயம் வென்று, வண்டி வந்து சேர்ந்தது. சொந்தப் பணமாயிருந்தால் கீன் வாக்காளர்கள் அந்த வண்டியின் ஒரு சக்கரத்துக்குக்கூடச் சம்மதித்திருப்பார்களா என்பது சந்தேகமே. எங்கள் ஊர்ச்சபையின் எரிச்சலூட்டும் சிக்கனத்தை நான் மதிப்பது இதனால்தான்: சொந்தப் பணம் என்பதனாலேயே அங்கே தொழுவத்துக் கேள்வி பிறந்தது.

இரவு பத்தரை மணிக்கு வாக்கெடுத்தார்கள். கடனுக்கு மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். நிறமட்டைகளை உயர்த்திப் பிடிக்க, எண்ணுவோர் வரிசை வரிசையாக நடந்து எண்ணினார்கள். வண்டி எளிதாகத் தேறியது. பண்ணைக்கார முதியவரும் ஆதரித்தே மட்டையை உயர்த்தினார். அடுத்த பிரேரணை, வாரநாள்களின் பகலுக்குச் சம்பளம் பெறும் இரு தீயணைப்போரை அமர்த்துவது. நிதிக் குழுவினர், அருமையான யோசனை என்று புகழ்ந்துவிட்டு, ஓர் உபகுழுவின் ஆராய்ச்சிக்கு அனுப்பலாம் என்றார்கள். ஒரு யோசனையைக் குழி தோண்டிப் புதைப்பதற்கு உலகெங்கும் ஒரே முறைதான் போலும்.

உபகுழுவில் அந்த முதியவரையும் சேர்த்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்து இரண்டு ஊர்களோடு கூடி, மூன்று ஊருக்கும் பொதுவாகப் பகல்நேர ஆள்களை வைத்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கொண்டுவந்திருக்கும் திட்டம். ஆனால் ஆள்கள் எந்த ஊர் நிலையத்தில் அமர்ந்திருப்பது என்பதில் இப்போதே தகராறு மூண்டிருக்கிறது. ஒவ்வோர் ஊரும் தன் நிலையமே நடுநாயகம் என்கிறது, தேசப்படத்தை வேறு வேறு மூலையிலிருந்து மடித்துக் காட்டுகிறது. ஜூன் மாதத்தில் மூன்று ஊர்ப் பிரதிநிதிகளும் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பார்வையாளருக்குத் தடையில்லை என்று விசாரித்து அறிந்துகொண்டேன், போவதாக இருக்கிறேன்.