கறுப்பு ஸ்லாட்டைத் தேடி ரிச்சி ஸ்ட்ரீட்டில்...

2004 ஐப்பசியில் ஒரு ராத்திரி செங்குன்றத்தில் விழுந்த இடி, நேராக ஒரு ஆபரேட்டர் பையனின் சம்பளத்தில் போய் இறங்கியது!

லாரி எடை மேடை பார்த்திருப்பீர்கள். மேடைக்கு அடியில் லோட் செல்கள். அங்கிருந்து எடை காட்டும் பெட்டிக்கு ஒரு கேபிள். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டரின் ஒன்பது பின் சீரியல் போர்ட்டுக்கு இன்னொரு கேபிள். மின்னல் அந்தக் கேபிளில் ஓசி சவாரி செய்து வந்து போர்ட்டைப் பொசுக்கிவிட்டது. மழை வந்தால் கேபிளைப் பிடுங்கி வைப்பது பையனின் டியூட்டி. அன்றைக்கு மறந்துவிட்டான்.

நான் அங்கே கணக்கு எழுதுகிறவன். காலையில் நெல் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பெட்டியில் எடை தெரிகிறது, ரசீதுதான் வரவில்லை. கையால் எழுதிய ரசீதை மில்காரர்கள் வாங்க மாட்டார்கள். ரிப்பேர் ஆசாமி வந்து, "புது சிஸ்டம், புது சாஃப்ட்வேர், 45,000 ஆகும்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். முதலாளி பையனைப் பார்த்தார். "மாசம் ஆயிரம் பிடிச்சுக்கறேன்."

பையன் சம்பளமே 2,200. மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். மூணே முக்கால் வருஷம்!

"ஒரு நாள் டயம் குடுங்க, முதலாளி" என்றேன். கம்ப்யூட்டரை நெல் சாக்கில் கட்டி பஸ் ஏறினோம். கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து லக்கேஜ் போட்டார்.

ரிச்சி ஸ்ட்ரீட் என்று சொன்னாலும் அது ஒரு தெரு இல்லை. அண்ணா சாலையிலிருந்து நரசிங்கபுரம் தெருவுக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிடும். (2019-ல் திறந்த அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் இப்போது நடை தூரம்தான். அன்றைக்கு நாங்கள் பட்டது சாக்குக்குத்தான் தெரியும்.) பக்கத்தில் மீரான் சாகிப் தெரு, சினிமா விநியோகஸ்தர்கள் ராஜ்யம். அங்கே படம் விழும், எழும். இங்கே விலை. எட்டடி அகலக் கடை, அதற்குள் நாலு பேர். குலை குலையாக மவுஸ், ஜாங்கிரி மாதிரி சுற்றிய கேபிள், ஈயப் பற்றுப் புகையோடு பிரியாணி வாசனை. நடுவில் மானிட்டர் ஏற்றிய தள்ளுவண்டிக்காரர் "ஓரம், ஓரம்!" என்று கத்திக்கொண்டே காலில் ஏற்றுகிறார்.

முதல் கடையில் புத்தம்புது பி.சி.ஐ. சீரியல் கார்டு. 600 ரூபாய். வெள்ளை ஸ்லாட்டில் செருகி ஆன் செய்தார்கள். கம்ப்யூட்டருக்குக் கார்டு தெரிகிறது. எடை சாஃப்ட்வேருக்குத் தெரியவில்லை!

காரணம் அப்புறம்தான் புரிந்தது. எங்கள் சாஃப்ட்வேர் டாஸ் காலத்து ஆசாமி. 3எஃப்8 என்ற ஒரே கதவைத்தான் தட்டுவார். திறக்காவிட்டால் போய்விடுவார். பி.சி.ஐ. கார்டுக்கோ, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டரே பார்த்து ஒரு கதவு எண் தரும். அது பெரும்பாலும் வேறு எண். பழைய எண்ணே வேண்டுமென்றால், ஜம்பரைக் கையால் மாற்றி எண் வைக்கிற ஐ.எஸ்.ஏ. கார்டு வேண்டும். 1981-ல் ஐ.பி.எம். பி.சி.யோடு பிறந்த ஜாதி. அதற்கென்று நீளமான கறுப்பு ஸ்லாட். பென்டியம் 3 போர்டில் எங்கள் அதிர்ஷ்டம், ஓரமாக ஒன்றே ஒன்று இருந்தது.

கார்டைத் திருப்பினால் பணம் கிடையாது, வேறு பொருள்தான் என்றார் கடைக்காரர். ஒரு மவுஸும் இரண்டு கேபிளும் வாங்கிக்கொண்டேன். (டாஸுக்கு மவுஸ் எதற்கு என்று கேட்காதீர்கள்!)

"ஐ.எஸ்.ஏ.வா? மியூசியத்துல கேளுங்க சார்!" இதே ஜோக்கைப் பதினோரு கடைகளில் கேட்டோம். ஒவ்வொரு முறையும் பையன் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. கடைசியில் டீக்கடைக்காரர்தான் மாடியைக் காட்டினார். ஒற்றை ஆள் ஏறும் படி. மேலே ஒரு பாய், சுற்றிலும் பழைய கார்டு மூட்டைகள். தங்க முலாம் எடுக்கிறவர்களுக்குக் கிலோ கணக்கில் போகிற சரக்காம்.

அரை மணி துழாவி ஒரு 486 காலத்துக் கார்டை எடுத்தார். ஓரத்துத் தங்கப் பற்கள் கறுத்திருந்தன. மேஜையிலிருந்து பள்ளிக்கூடப் பசங்க ரப்பரை எடுத்துத் தேய்த்தார். பளிச்!

"நீயே மாட்டு, தம்பி. நாளைக்கு இன்னொரு இடி வந்தா நான் அங்க வர மாட்டேன்."

பையன் கை நடுங்கியது. முதலில் கேபினட் இரும்பைத் தொடச் சொன்னார், உடம்பு மின்சாரம் இறங்க. கார்டில் ஹார்டு டிஸ்க், ஃப்ளாப்பி சமாசாரமும் உண்டு. அவை போர்டிலேயே இருப்பதால் மோதும். ஜம்பர் பிடுங்கி அவற்றை அணைத்தான். பயாஸில் செத்த போர்ட்டையும் மூடியாயிற்று. கார்டைச் செருகி ஆன் செய்தால்... பீப் பீப் பீப்!

"ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது பாரு. ஆஃப் பண்ணிட்டு, ரெண்டு முனையையும் சமமா அழுத்து. ஆட்டாதே."

அழுத்தினான். 'டக்'கென்று உட்கார்ந்தது. ஸ்க்ரூவை முடுக்கினான். இப்போது பீப் இல்லை. பாய் போர்ட்டில் 2, 3 பின்களை ஒரு கம்பியால் இணைத்து, டெஸ்ட் புரோகிராம் போட்டு, 'அ'வுக்கு வழியில்லாததால் இங்கிலீஷ் 'ஏ' அடித்தார். எழுத்து வெளியே போய், கம்பி வழியே திரும்பி, திரையில் வந்து நின்றது. பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புகையாம்!

விலை 120 ரூபாய். பேரம் பேசத் தோன்றவில்லை.

ராத்திரி எட்டு மணிக்குச் செங்குன்றம். கேபிளை மாட்டினோம். முதலாளிக்கு நம்பிக்கை இல்லை, தானே மேடை மேல் ஏறி நின்றார். பிரிண்டர் கறகறவென்று ரசீதைத் துப்பியது. 90 கிலோ.

"நான் 82-தான்யா! மெஷின்ல இன்னும் கோளாறு இருக்கு."

"பத்துப் பத்தாத்தான் முதலாளி காட்டும்" என்றேன். "82-ன்னா 80 வரணும்."

முதலாளி இறங்கினார். சம்பளப் பிடித்தம் பற்றி அதற்கப்புறம் பேச்சே வரவில்லை. வரிசையில் முதல் லாரி ஹார்ன் அடித்தது.